மாப்பிள்ளை கொண்டுவந்த வால்வு ஆம்ப்

'வார்ம்' என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் மாப்பிள்ளை. வெந்நீர் வெதுவெதுப்பாக இருக்கலாம். காய்ச்சல்காரன் நெற்றி இருக்கலாம். பாட்டு எப்படி வெதுவெதுப்பாக இருக்கும் என்று கேட்டேன். "அது கேட்டாத்தான் மாமா தெரியும்" என்றார். கேட்டால்தான் தெரியும் என்று சொல்லப்படுகிற எதுவும் அளந்து பார்த்தால் காணாமல் போய்விடும் என்பது என் அனுபவம். கல்பாக்கத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் கருவிகளைச் சோதித்து, தேறியது தேறாதது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஒரு மீட்டரை எப்படிப் பெட்டியிலிருந்து எடுப்பது, அளப்பதற்கு முன் எவ்வளவு நேரம் சூடேற விடுவது, அளக்கும்போது பக்கத்தில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்றெல்லாம் விதிமுறை எழுதியிருக்கிறேன். ஓய்வுபெற்று புதுப்பட்டினத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு அந்தத் திறமைக்கு வேலையில்லை. இட்லி மாவு புளிப்பதற்கு ஒரு விதிமுறை சொல்லிப் பார்த்தேன். மனைவி கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை படூரிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். காரின் பின் இருக்கையில் ஓர் அட்டைப் பெட்டி, அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தது. மகள் துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும் மாப்பிள்ளை பெட்டியைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார். படாளத்தில் கரும்பு போடும் குடும்பத்தில் பிறந்து, படித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருப்பவர். மரியாதையான பிள்ளை. அதுவரைக்கும் அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

பெட்டிக்குள் இருந்தது ஓர் ஆம்ப்ளிஃபையர். முன்பக்கம் கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் சுண்டுவிரல் பருமனில் இரண்டு வால்வுகள். நம் அப்பாக்கள் காலத்து ரேடியோவுக்குள் எரிந்துகொண்டிருக்குமே, அதே வகைதான். ஸ்விட்சைப் போட்டதும் இரண்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தன. மாப்பிள்ளை முகத்திலும் அந்த நிறம் விழுந்தது.

"இது ஹைபிரிட் மாமா. முன்னால வால்வு, பின்னால டிரான்சிஸ்டர். வால்வோட இனிமையும் கீது, டிரான்சிஸ்டரோட பலமும் கீது."

விளம்பரத்தில் படித்ததை அவர் அப்படியே சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விஷயம் இவ்வளவுதான். வால்வு பழைய சரக்கு. சூடாகும், தேயும், ஆனால் பாட்டைக் கெடுக்கும்போது காதுக்கு உறுத்தாத விதத்தில் கெடுக்கும். டிரான்சிஸ்டர், அதாவது சாலிட் ஸ்டேட் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்களே அது, ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் கெடுக்கவே கெடுக்காது. ஹைபிரிட் என்பது, கெடாத ஒன்றின் வாசலில் கொஞ்சம் கெடுப்பவனை நாற்காலி போட்டு உட்கார வைப்பது. இதை இனிமை என்று சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும்.

மாப்பிள்ளையின் பொருளை அவர் எதிரில் திறந்து பார்ப்பது முறையல்ல. அவர் குளிக்கப் போனபோது திறந்தேன். ஒவ்வொரு வால்வுக்கும் அடியில், பலகையில் ஒரு துளை, துளைக்குள் ஓர் ஆரஞ்சு எல்.இ.டி. நாங்கள் பார்த்து மயங்கியது வால்வின் ஒளியே அல்ல. வால்வுக்குள் இருக்கும் இழை உண்மையில் பீடி நுனி அளவுக்குத்தான் சிவந்திருந்தது. அது போதாதென்று விளக்குக்குக் கீழே விளக்கு வைத்திருக்கிறார்கள். பிணத்துக்கு ரூஜ் தடவுவதுபோல. ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: பாட்டு அந்த வால்வு வழியாகத்தான் போகிறது, வெறும் பொம்மை இல்லை. ஆனால் அதற்குத் தேவையான மின்னழுத்தத்தில் சிறு பங்கைத்தான் கொடுத்திருந்தார்கள். பட்டினி போட்டு வேலை வாங்கியிருந்தார்கள்.

குளித்துவிட்டு வந்து அவர் ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டார். முதலில் என் பழைய ஆம்ப்பில். அது கறுப்புப் பெட்டி, முகம் என்று ஒன்றும் கிடையாது. முழுக்க டிரான்சிஸ்டர். கடற்கரை உப்புக் காற்றில் அதன் பின்பக்கத்து முனைகள் பச்சை பூத்துவிடும், மாதாமாதம் துடைப்பேன். பிறகு அதே பதிவைத் தன்னுடையதில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னா மாமா, தெரிதா? அந்தம்மா பக்கத்துலயே வந்து குந்திகினு பாடற மாதிரி இல்ல?"

"சத்தம் கொஞ்சம் கூட வெச்சிருக்கீங்க மாப்ள."

"அய்யோ மாமா!"

"சத்தம் ஒரு துளி கூடுதலா இருந்தா அதான் நல்லா இருக்குன்னு காது சொல்லும். ஸ்பீக்கர் முனையில வோல்ட்டேஜ் அளந்து ரெண்டையும் சமமாக்காம ஒப்பிட்டா அது ஒப்பீடு இல்ல."

அவர் சிரித்தார். என் மகள் சிரிக்கவில்லை. சமையலறைக்கு வா என்று கண்ணால் கூப்பிட்டாள்.

அங்கே வெங்காயத் தோலை உரித்துக்கொண்டே சொன்னாள். "திங்கட்கிழமை ராஜினாமா குடுக்கப்போறாருப்பா. இந்த ஆம்ப்ப அவரே அசெம்பிள் பண்ணி விக்கப்போறாராம். பார்ட்ஸ் எல்லாம் வரவழைச்சு, பெட்டி இங்க செஞ்சு."

"யாருக்கு விக்கிறது?"

"உங்க ஆளுங்களுக்குத்தான். ரிட்டயர்டு சயின்டிஸ்ட்டுங்க, காசு இருக்கு, நேரம் இருக்கு, பாட்டுப் பைத்தியம் இருக்குன்னு சொல்றார். நாளைக்கு அவங்களை எல்லாம் கூப்பிட்டுக் கேக்க வைக்கணுமாம். அவங்க நல்லா இருக்குன்னு சொன்னா வேலைய விடுவார். வித்தியாசமே இல்லைன்னு சொன்னா விடமாட்டார். எங்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கார்."

வெங்காயத்தினால் அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக் கடன் அவர்கள் இருவர் பேரிலும் இருந்தது. அவள் வேலையை விட்டு அப்போதுதான் கொஞ்ச காலம் ஆகியிருந்தது.

"என் பேச்சைக் கேக்கமாட்டார்ப்பா. நீங்க சாதாரணமா சொன்னாலும் கேக்கமாட்டார், மாமா பழைய ஆளுன்னுவார். ஆனா டெஸ்ட்டுன்னு ஒண்ணு வெச்சு நிரூபிச்சா கேப்பார். நீங்கதான் செய்யணும்."

"கவலைப்படாதே. கண்ணைக் கட்டிவிட்டா ஒருத்தராலும் சொல்ல முடியாது" என்றேன். என்ன நம்பிக்கையோடு சொன்னேன்!

ஞாயிறு காலை ஏற்பாடுகளைச் செய்தேன். சோதனைக்கு இரண்டு தத்துவங்கள் உண்டு: கேட்பவருக்கு எது ஓடுகிறது என்று தெரியக் கூடாது, மாற்றுகிறவரின் முகம் கேட்பவருக்குத் தெரியக் கூடாது. இரண்டு ஆம்ப்புகளையும் கூடத்தை ஒட்டிய படுக்கையறைக்குள் வைத்தேன். வாசலில் போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டேன். ஸ்பீக்கர்கள் கூடத்தில். ஒரே சீட்டி ஒலியை இரண்டின் வழியாகவும் அனுப்பி, முனைகளில் வோல்ட்டேஜ் அளந்து, மயிரிழை வித்தியாசமும் இல்லாமல் சமமாக்கினேன். ஸ்பீக்கர் இணைப்பை ஓர் ஆம்ப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, ஒரு திருகு ஸ்விட்ச். திரைக்குப் பின்னால் நின்று அதைத் திருப்பும் பொறுப்பை மகளிடம் கொடுத்தேன். பொறியியல் படித்தவள், கை நிதானம். மாப்பிள்ளைக்கு உள்ளே போக அனுமதி இல்லை. "இன்னா மாமா, எலெக்ஷன் பூத் மாதிரி கீது" என்றார்.

விருந்தினர்கள் வந்தார்கள். எல்லோரும் என்னோடு வேலை பார்த்தவர்கள். எங்களில் மிகப் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர்; இனி பெரியவர் என்றே சொல்கிறேன். அடுத்து இரண்டு பேர், அவருக்குக் கீழே இருந்தவர்கள், இன்றும் கீழேயே இருப்பவர்கள். கடைசியாக, கொள்முதல் பிரிவில் இருந்த பாய். சதுரங்கப்பட்டினத்தில் அவர் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகத் துணிக்கடை. எங்கள் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் அவர் மட்டும்தான். நாம் சொல்வதை உடனே நம்பிவிடமாட்டார்.

யாரும் சொல்லாமலே பதவி வரிசைப்படி உட்கார்ந்தார்கள். சோபாவின் நடுவில், இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி மையத்தில், பெரியவர். அவருக்கு இரண்டு பக்கமும் அடுத்தவர்கள். பாய்க்கும் எனக்கும் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. ஓய்வுபெற்று எத்தனையோ காலம் ஆயிற்று. இவர்களைக் கல்யாணப் பந்தியில் விட்டாலும் கிரேடு பார்த்துத்தான் இலை முன்னால் உட்காருவார்கள். எங்கள் அலுவலகத்தில் கூட்டம் என்றால் மேலிருந்து கீழாகத்தான் கருத்துச் சொல்வார்கள். மேலே இருப்பவர் வெள்ளை என்றால் கீழே இருப்பவர் அந்த வெள்ளையின் சிறப்பை விளக்குவார். அதை நான் வருடக்கணக்காக அருவருத்திருக்கிறேன். ஆனால் விதிமுறை எழுதும்போது அது ஞாபகம் வரவில்லை. ஒருவருக்கொருவர் பேசக் கூடாது என்று மட்டும் சொன்னேன். செருமக் கூடாது என்று சொல்லவில்லை.

மாப்பிள்ளை கைபேசியை ஒரு முக்காலியில் நிறுத்தி எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு" என்றாள் மகள் திரைக்குள்ளிருந்து. ஒரு பெண் குரல், வயலின், மிருதங்கம். கொஞ்ச நேரம் ஓடியது. 'டக்' என்று ஸ்விட்ச் சத்தம். "ரெண்டு" என்றாள். அதே இடம் திரும்பவும் ஓடியது.

பெரியவர் செருமினார். தலையை மெதுவாக ஆட்டினார். இரண்டு பக்கத்திலும் இருந்த தலைகள் ஆடத் தொடங்கின. ஒரே தாளத்தில், கோயில் மணியில் கட்டிய கயிறுபோல.

நானும் கவனித்துக் கேட்டேன். சோதனை நடத்துகிறவன் சோதனையில் உட்காரக் கூடாது என்பது விதி. அதை நான் மீறினேன். எனக்கும் ஆசை. இரண்டாவது ஓட்டத்தில் குரல் சற்றுக் கனத்ததை என்னால் துல்லியமாக உணர முடிந்தது. வயலினின் விளிம்பு மழுங்கியது. பட்டினி வால்வு செய்ய வேண்டியதை அச்சுப் பிசகாமல் செய்துகொண்டிருந்தது. எனக்கு ஒருவிதத் திருப்தி. கெடுப்பவனைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தி.

பல தடவை மாற்றி மாற்றிப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் டக். முடிந்ததும் மாப்பிள்ளை கைபேசியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் நின்றார்.

பெரியவர் சொன்னார்: "முதலாவது கரெக்ட்டா இருக்கு. ஆனா கரெக்ட்டா மட்டும்தான் இருக்கு. இரண்டாவதில் ஒரு ஜீவன் இருக்கிறது. தி செகண்ட் ஒன் இஸ் டெஃபினட்லி வால்வு."

அடுத்தவர்: "சார் சொன்ன அந்த ஜீவன், குறிப்பா மிருதங்கத்தில்."

அதற்கடுத்தவர்: "குரலுக்கும் வயலினுக்கும் நடுவுல ஒரு காத்தோட்டம். ஜன்னலைத் திறந்த மாதிரி."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. மீன் வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போனதும் கேட்டது. அதைச் சொல்ல வாயெடுத்தேன்; மாப்பிள்ளை கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"மாமா, நீங்க சொல்லுங்க. வித்தியாசம் தெரிஞ்சுதா இல்லியா?"

அங்கேயே நான் மகளை நினைத்திருக்க வேண்டும். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் நான் நேர்மையானவனாயிற்றே. கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. தவிர, அந்தத் தலையாட்டிகளுக்கு முன்னால் எனக்குக் காது இல்லை என்று ஒத்துக்கொள்ளவா?

"தெரிஞ்சுது. நல்லாவே தெரிஞ்சுது. இரண்டாவதுதான் வால்வு. குரலுக்கு ஒரு கனம் வருது. ஆனா அது பாடினவங்க குரல் இல்ல, வால்வு போட்ட கொழுப்பு. வயலின் மழுங்கிப்போச்சு. எனக்கு முதலாவதுதான் வேணும்."

கடைசியாகப் பாய். அவர் தாடியைச் சொறிந்தார். "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. அப்புறம் சார் தலைய ஆட்டினாரா, எனக்கும் லேசா கேட்ட மாதிரி இருந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் கண்கள் மின்னின. திரை விலகியது. மகள் வெளியே வந்து போர்வையைக் கையில் பிடித்தபடி நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"நான் மாத்தவே இல்ல" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"ஒண்ணுன்னு சொன்னதும் அப்பா ஆம்ப்தான். ரெண்டுன்னு சொன்னதும் அப்பா ஆம்ப்தான். முழுக்க அதுதான் ஓடுச்சு. ஸ்விட்ச்சத் தொடவேயில்ல."

"டக்குனு சத்தம் கேட்டுச்சே!" என்றார் காற்றோட்டக்காரர்.

"அது அயர்ன் பாக்ஸ் சொருகற ப்ளக் பாயின்ட்டோட ஸ்விட்ச்."

என் வாழ்நாளில் எத்தனையோ கருவிகளைத் தேறாதவை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவற்றின் நிலை எப்படி இருந்திருக்கும் என்று அப்போது கொஞ்சம் தெரிந்தது. குரலின் கனமும் வயலினின் மழுங்கலும் எங்கிருந்து வந்தன? சுவரில் இருக்கும் இஸ்திரிப் பெட்டி ஸ்விட்சிலிருந்து. நான் எல்லாவற்றையும் சமமாக்கியிருந்தேன். திருப்புகிறவள் திருப்புகிறாளா என்று சரிபார்க்க மட்டும் ஒரு விதி எழுதவில்லை.

பெரியவர் மறுபடியும் செருமினார். அவமானப்படுவார், எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். பெரிய பதவியில் இருந்தவர்களை நான் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

"ஒரு பாயின்ட் இருக்கு. அந்த ப்ளக் பாயின்ட்டும் ஆம்ப்பும் ஒரே லைன்தானே? ஸ்விட்ச் போடும்போது எர்த்திங்ல ஒரு மாறுதல் வரும். அது ஒலியைப் பாதிக்கலாம். நாம் கேட்டது பொய் இல்லை. காரணம்தான் வேறே."

"கண்டிப்பா சார்" என்றார் அடுத்தவர். "நம்ம ப்ளான்ட்லயே எர்த்திங்னால எவ்வளவு தொல்லை."

"அந்தக் காத்தோட்டம் எர்த்திங்காத்தான் இருக்கணும்" என்றார் மூன்றாமவர்.

பாய் என் பக்கம் சாய்ந்து, "அண்ணாத்த, நாளைலேந்து உங்க வூட்ல சட்டைய இஸ்திரி போட்டுகினே பாட்டு கேளுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர்களோடு நான் ஆயுள் முழுக்க ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட மோசம், அந்த வரிசையில் நானும் இருந்தேன். அவர்கள் பாராட்டினார்கள், நான் வைதேன். கேட்காததைக் கேட்டதில் எங்களுக்குள் ஒரு வித்தியாசமும் இல்லை.

அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மீன் குழம்பை எல்லோரும் ஒருமனதாகப் பாராட்டினார்கள், பெரியவர் பாராட்டிய பிறகு.

மகளைச் சமையலறையில் பிடித்தேன். "ஏம்மா இப்படிப் பண்ணே?"

"உண்மையாவே மாத்தி, யாராவது ஒருத்தருக்கு ஏதாவது தெரிஞ்சுட்டா? அதான் மாத்தவே வேணாம்னு முடிவு பண்ணேன். ஒண்ணுமே மாறலேன்னா ஒண்ணும் மாறலேன்னுதானே சொல்வாங்க. மத்தவங்க உளறினாலும் நீங்க சொல்லுவீங்கன்னு நெனைச்சேன்பா." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் தட்டுகளை அடுக்கினாள்.

மாப்பிள்ளை அவளிடம் பேசவில்லை. கிளம்புகிறேன் என்றார். மகள், "நான் ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்" என்றாள். மாப்பிள்ளை முகம் சுளித்துக் கிளம்புவது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம் இல்லை. என் மனைவி என்னை வாசலுக்குத் தள்ளினாள். "கோவத்துல தனியா வண்டி ஓட்டுவார். மாமல்லபுரம் வரைக்கும் கூடப் போயி சமாதானப்படுத்திட்டு, பஸ் பிடிச்சு வாங்க."

கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். பெட்டி மறுபடியும் பின்னால் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. சமாதானத்துக்கு என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நல்லதுதான் நடந்தது மாப்ள, வேலை கையில் இருக்கிறது, பாட்டை வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். மாமல்லபுரம் நெருங்கியதும் சிற்பக் கூடங்களுக்கு எதிரில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். இயந்திரத்தால் கருங்கல் அறுக்கும் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அது நின்றதும் அவர் சிரிக்க ஆரம்பித்தார். கோபத்தில் இருப்பவன் சிரிக்கும் சிரிப்பு இல்லை அது.

"இன்னிக்குத்தான் மாமா எனக்கு இந்தத் தொழில் இன்னான்னு புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது?"

"இஸ்திரிப் பொட்டி ஸ்விட்ச்ச போட்டதுக்கே பெரியவரு உருகிப்பூட்டாரு. நெஜமாவே ஒரு பொட்டிய மாத்தி, அதுல லைட்டையும் எரிய வுட்டா இன்னா ஆவும்னு யோசிச்சுப் பாருங்க."

"அப்ப வித்தியாசம் இல்லைன்னு உங்களுக்கே தெரிஞ்சுபோச்சுல்ல?"

"அத வுடுங்க மாமா. நேத்து வரிக்கும் நான் நம்பிகினு இருந்தேன். நம்பிகினு இருந்த வரிக்கும் விக்கிறதுக்கு பயமா இருந்துச்சு. எவனாவது ஒருத்தன் நல்லா இல்லன்னு சொல்லிட்டா இன்னா பண்றதுன்னு தூக்கமே வர்ல. இப்போ அந்த பயம் பூட்ச்சு."

டீ என் கையில் ஆறிக்கொண்டிருந்தது. முந்தின நாள் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்ட பிள்ளை இவர்தானா என்று பார்த்தேன். அந்தப் பிள்ளை ஏமாளி. ஆனால் அவன் யாரையும் ஏமாற்றியிருக்கமாட்டான். என் சோதனையால் ஓர் ஏமாளியைத் திருத்தி இப்படி ஆக்கியிருக்கிறேன்.

"மாப்ள, இது மோசடி."

"நான் இன்னா மாமா சொல்லி ஏமாத்தப் போறேன்? வால்வு உள்ள கீது. அது நெஜம்தானே? மீதிய அவங்களே கேட்டுக்கினாங்க. நீங்களே வால்வுன்னு கண்டுபுடிச்சீங்களே!" கேலி இல்லை. பாராட்டாகவே சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

"என் பொண்ணுகிட்ட ஒரு சத்தியம் பண்ணியிருந்தீங்க."

"வித்தியாசம் இல்லன்னு சொன்னா வேலைய வுடமாட்டேன்னுதானே சொன்னேன்? அஞ்சு பேர்ல ஒருத்தரும் இல்லன்னு சொல்லலியே மாமா. பாய் கூட லேசா கேட்டுச்சுன்னாரு."

விதிப்படி பார்த்தால் அவர் சொன்னது சரி. நான் எழுதிய விதி, நானே நடத்திய சோதனை, நானே சொன்ன முடிவு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது பின்னால் யாரோ ஒருவன் கைபேசியில் ஸ்பீக்கரைத் திறந்து பாட்டுப் போட்டிருந்தான். தகரத்தில் ஆணி கிழிப்பதுபோல் இருந்தது. கூட இருந்தவன் அதற்குத் தாளம் போட்டுக்கொண்டு வந்தான். அவர்கள் இரண்டு பேரும் எனக்கு அன்றைக்குப் பெரிய மனிதர்களாகத் தெரிந்தார்கள்.

திங்கட்கிழமை அவர் ராஜினாமா கொடுத்தார். மகள் புதன்கிழமை படூருக்குப் போனாள். பஸ் ஏற்றிவிட வரேன் என்றதற்கு, "வெயில்ல வராதீங்கப்பா" என்றாள்.

பிறகு வீடியோ வந்தது. எங்கள் ஓய்வுபெற்றோர் வாட்ஸாப் குழுவில், பெரியவரே அனுப்பியிருந்தார், கூப்பிய கைகளோடு. மாப்பிள்ளையின் புது வியாபாரத்துக்கு விளம்பரம். வால்வுகள் ஆரஞ்சில் எரிந்தன. 'அணு விஞ்ஞானிகள் கண்டறிந்த வித்தியாசம்' என்று எழுத்து ஓடியது. கொள்முதல் பாயும் விஞ்ஞானியாகியிருந்தார். பெரியவர் ஜீவன் என்றார். அடுத்தவர் மிருதங்கம் என்றார். பிறகு என் முகம், கண்டிப்பான முகம். "தெரிஞ்சுது. நல்லாவே தெரிஞ்சுது. இரண்டாவதுதான் வால்வு. குரலுக்கு ஒரு கனம் வருது." அங்கே வெட்டியிருந்தார். கொழுப்பும் மழுங்கலும் இல்லை. குழுவில் ஒருவர், "சார் சொன்னா அப்பீல் இல்லை. தேறாததுக்குக் கையெழுத்துப் போடாத மனுஷர்" என்று எழுதியிருந்தார். கட்டை விரல்கள் குவிந்தன.

முதல் ஆர்டர் பெரியவருடையது. இரண்டாவதும் மூன்றாவதும் அவருடைய இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தன. பெரியவர் என்னைக் கூப்பிட்டு, தனக்கு வரும் பெட்டியை முறைப்படி சோதித்து ஏற்றுக்கொள்ள வேண்டும், நீங்களே வந்து செய்துகொடுங்கள் என்றார். எனக்கு உடம்பு சரியில்லை என்றேன். பொய்யில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் மகளிடமிருந்து போன் வந்தது. சாப்பாடு, மாத்திரை, அம்மாவின் முழங்கால் எல்லாம் விசாரித்தாள். பின்னணியில் பசை நாடாவைச் சரக்கென்று இழுக்கும் சத்தம்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்காதீங்க."

"கேளு."

"அன்னைக்கு உங்களுக்கு நெஜமாவே கேட்டுச்சா? இல்ல, அவங்க எதிர்ல தெரியலன்னு சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்களா?"

அவளுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை என்று சொன்னால் அப்பா பொய்யன், அந்தப் பொய்யால் மாப்பிள்ளை வேலையை விட்டார். கேட்டது என்று சொன்னால் அப்பா முட்டாள். இரண்டில் எது அவளுக்குத் தாங்கும் என்பதற்கு என்னிடம் விதிமுறை இல்லை. அந்தக் குரல் அப்போதும் ஞாபகம் இருந்தது. அந்தக் கனம், அந்த மழுங்கல், தெளிவாக.

"கேட்டுச்சும்மா" என்றேன்.

உள்ளே மாப்பிள்ளை வாடிக்கையாளர் யாருக்கோ வெதுவெதுப்பை விளக்கிக்கொண்டிருந்தார்.

"சரிப்பா, வெச்சிடறேன். கூரியர்காரன் வர நேரம். இன்னும் ரெண்டு பேக் பண்ணணும்" என்றாள். மறுபடியும் நாடா கிழியும் சத்தம் கேட்டது. பிறகு போன் நின்றுவிட்டது.